தினமும் வந்த பூஜ்ஜியம்

"அக்கா, பாட்டி பேரைத் தட்டினா சூதாட்ட விளம்பரம் வருதுக்கா. நீங்களே பாருங்க."

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் வந்த செய்தி இது. அனுப்பியவர், தினமும் விடியற்காலையில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி. அவருடைய பாட்டி காலமாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் பதினாறாம் நாள் காரியம். வீட்டுக்கு வரும் சொந்தங்களுக்குப் பாட்டியின் குரலைப் போட்டுக் காட்ட நினைத்திருக்கிறார்.

அந்தக் குரலைப் பதிவு செய்தவள் நான். வானொலியில் வேலை பார்ப்பதால் ஒலிப்பதிவுக் கருவி எப்போதும் கைப்பையில் இருக்கும். பாசிர் கூடாங், மாசாய் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய பெரியவர்களைத் தேடிப் போய்ப் பேச வைத்துப் பதிவு செய்யும் வேலையை நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கினோம். 1977-இல் இங்கே துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதன் பிறகு தோட்டம் போய் ஆலை வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். மொத்தம் 63 பேரின் குரல்கள் சேர்ந்திருந்தன. எல்லாவற்றையும் ஓர் இணையத் தளத்தில் போட்டு, பெயரைத் தட்டினால் குரல் கேட்கும்படி வைத்திருந்தோம்.

அன்றிரவு நான் தட்டிப் பார்த்தேன். பாட்டியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, பளபளவென்று சுழலும் சூதாட்ட இயந்திரத்தின் படம் இருந்தது. குரல் இல்லை.

காவலாளி இருந்தானே!

எங்கள் தளம் மாதம் 40 ரிங்கிட் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வரில் ஓடியது. அதில் இருந்த எல்லாமே இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்கள். அடித்தளமாக சென்ட்ஓஎஸ் 7, தளத்தை நடத்த வேர்ட்பிரஸ், வைரஸ் தேட கிளாம்ஏவி. அமைத்துக் கொடுத்தவர் எங்கள் குழுவில் இருந்த ஒரு கணினித் தம்பி. வேலை மாறிக் கோலாலம்பூருக்குப் போகும்போது கடவுச்சொற்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, "அக்கா, தினமும் காலையில ஒரு மின்னஞ்சல் வரும். அதுல பூஜ்ஜியம்னு இருந்தா பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே தினமும் மின்னஞ்சல் வந்தது. கிளாம்ஏவி இரவு முழுக்கக் கோப்புகளைச் சோதித்து, காலையில் அறிக்கை அனுப்பும். எத்தனை கோப்புகளைப் பார்த்தேன், எத்தனை கெட்டுப் போயிருக்கின்றன என்று ஒரு கணக்கு. கடைசிப் பக்கத்தில் "பாதிக்கப்பட்ட கோப்புகள்: 0". நான் அந்தப் பூஜ்ஜியத்தை மட்டும் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் தேநீர் கலக்கப் போய்விடுவேன். அந்த இரவு வந்த கடைசி அறிக்கையிலும் பூஜ்ஜியம்தான் இருந்தது.

அப்போதுதான் முதல் தடவையாக அந்த மின்னஞ்சலை மேலிருந்து படித்தேன். முதல் வரியே எச்சரிக்கை. வைரஸ் பட்டியல் ஏழு நாட்களுக்கு மேல் பழையதாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும் என்று நட்சத்திரக் குறியெல்லாம் போட்டு எழுதியிருந்தது. பழைய மின்னஞ்சல்களைத் திறந்து பார்த்தேன். அதே வரி. முந்தின மாதமும் அதே வரி. தினமும் எச்சரித்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

வைரஸ் தேடும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதன் கனம் புரியும். அது பெரும்பாலும் ஒரு பட்டியலை வைத்துத்தான் தேடுகிறது. இதுவரை அகப்பட்ட கெட்ட நிரல்களின் அங்க அடையாளங்கள் அந்தப் பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு கோப்பையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். புதிய நிரல்கள் தினமும் வருகின்றன, அதனால் பட்டியலும் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் பழைய திருடனைத்தான் அடையாளம் தெரியும். புதியவன் "வணக்கம்" சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவான். அறிக்கையில் பூஜ்ஜியம் என்றுதான் வரும்.

அடித்தளமும் அதே கதிதான். சென்ட்ஓஎஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டன. அந்தத் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. எங்கள் குழுவில் யாருடைய நாட்காட்டியிலும் அது இல்லை. வேர்ட்பிரஸில் ஒலியை இயக்கச் சேர்த்திருந்த ஒரு துணைநிரலும் பழசாகிக் கிடந்தது. அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் வந்தவன் உள்ளே நுழைந்தான். ஆயிரக்கணக்கான விளம்பரப் பக்கங்களைக் கொட்டினான். இடம் போதவில்லை என்றதும் பெரிய பெரிய கோப்புகளை அழித்தான். எங்கள் தளத்தில் பெரிய கோப்புகள் என்றால் அந்தக் குரல்கள்தான்.

"நம்ம சின்ன தளத்தை யாரு சீண்டப் போறா?" என்று நாங்கள் நினைத்திருந்தோம். யாரும் எங்களைக் குறிவைக்கவில்லை என்பது உண்மை. ஊர் ஊராக, தெரு தெருவாகக் கதவைத் தள்ளிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எந்தக் கதவு திறக்கிறதோ அதற்குள் போகும். வீட்டுக்காரர் யார் என்று அவை கேட்பதில்லை.

அப்பா கேட்ட கேள்வி

மறுநாள் காலை நான் முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பா இங்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பத்து வருடம் அவர் ஏஜிடி. தொட்டிக்குள், குழிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் உள்ளே இறங்கக்கூடாது.

நடந்ததைச் சொன்னேன். கணினி சமாச்சாரம் அவருக்கு எங்கே புரியப் போகிறது என்று அரைகுறையாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மீட்டர்ல தேதி பார்த்தியாம்மா?"

"என்ன தேதிப்பா?"

"காஸ் மீட்டர் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எப்ப காலிப்ரேஷன் பண்ணாங்க, அடுத்தது எப்பன்னு. அந்தத் தேதி தாண்டியிருந்தா மீட்டரை ஓரமா வெச்சுடணும். எண்ணு நல்லாத்தான் காட்டும். ஆனா அந்த எண்ணை நம்பக்கூடாது."

பிறகு இன்னொன்றும் சொன்னார். தேதி சரியாக இருந்தாலும் போதாதாம். வேலை தொடங்கும் முன்னால், ஒரு சின்ன உருளையிலிருந்து அளவு தெரிந்த வாயுவைக் கொஞ்சம் மீட்டருக்குக் காட்டுவார்களாம். அலறினால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது. அலறாவிட்டால் அன்று யாரும் உள்ளே இறங்கமாட்டார்கள்.

"மூக்கை நம்பக்கூடாதாப்பா?" என்றேன்.

"அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அந்த காஸ் கொஞ்சமா இருந்தாத்தான் நாறும். ரொம்ப ஜாஸ்தியானா மூக்கு மரத்துப் போயிடும். நாத்தமே தெரியாது. 'ஒண்ணும் இல்லை'ன்னு நெனச்சு இறங்கினவன் திரும்பி ஏறமாட்டான்."

பாசிர் கூடாங்வாசிகளுக்கு இது வெறும் கதை இல்லை. 2019 மார்ச் மாதம் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரவோடு இரவாகக் கொட்டிய இரசாயனக் கழிவு, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை மூச்சுத் திணற வைத்ததை மறந்திருக்க மாட்டோம். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. கொட்டியபோது யாருக்கும் தெரியவில்லை, பிள்ளைகள் மயங்கிய பிறகுதான் தெரிந்தது.

பெரிய இடத்திலும் இதே கதை

என்னைப் போன்ற அரைகுறைகளுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைத்தேன். படிக்கப் படிக்க, பெரிய இடத்திலும் இதே கதைதான் என்று தெரிந்தது.

அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் மக்களின் கடன் வரலாற்றைச் சேகரித்து வைப்பது. அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்து, 2017 மார்ச் 7-ஆம் தேதியே திருத்தம் வெளியிடப்பட்டது. இலவசமாக, உலகம் முழுமைக்கும். ஈக்விஃபேக்ஸின் ஒரு தளத்தில் மட்டும் யாரும் அதைப் போடவில்லை. மே மாத நடுவில் திருடர்கள் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தார்கள். ஜூலை 29 வரை அள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஏறக்குறைய 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போயின.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்பதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் பக்கம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் காவல் கருவி இருந்திருக்கிறது. உள்ளே வெளியே போகும் மறைகுறித் தகவலைத் திறந்து பார்த்துச் சோதிக்கும் கருவி. அதற்கு ஒரு மின்சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. கருவி நின்றபாட்டுக்கு நின்றது, தகவல் சோதிக்கப்படாமல் போனபாட்டுக்குப் போனது. ஜூலை 29 அன்று யாரோ சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உடனே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. பூட்டைச் சரிசெய்யாதது ஒரு தவறு, காவலாளிக்குக் கண் தெரியவில்லை என்பதைக் கவனிக்காதது இன்னொரு தவறு. இரண்டையும் நானும் செய்திருந்தேன்.

திறந்த மூலத்தில் இன்னொரு நெருக்கடி உண்டு. எல்லாமே வெளிப்படை என்பதால் திருத்தம் வெளிவரும் நாளில் நாமும் படிக்கிறோம், திருடனும் படிக்கிறான். எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அன்றிலிருந்து நாம் முந்துகிறோமா, அவன் முந்துகிறானா என்பதுதான் கேள்வி. இலவசமாகக் கிடைப்பது மென்பொருள் மட்டும்தான். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை நம் தலையில்தான்.

கிளாம்ஏவியின் வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 15-ஆம் தேதி, அதன் மிகப் பழைய பதிப்புகளை வேலை செய்யாமல் நிறுத்தும்படியான ஒரு பதிவை அந்தக் குழு தன் பட்டியலோடு சேர்த்து அனுப்பியது. முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனாலும் அறிவிப்பைப் படிக்காதவர்களின் மின்னஞ்சல் சர்வர்கள் உலகெங்கும் படுத்துவிட்டன. இது என்ன அக்கிரமம் என்று பலர் கொதித்தார்கள். எனக்கு இதைச் சம்பவத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நானும் கொதித்திருப்பேன். இப்போது, என்னுடைய கிளாம்ஏவியும் அப்படி ஒருநாள் பொத்தென்று விழுந்திருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. மின்னஞ்சல் வரவில்லையே என்று அன்றைக்கே தேடியிருப்பேன். அது நின்றுபோகாமல் தினமும் பூஜ்ஜியம் அனுப்பியதுதான் என்னைத் தூங்க வைத்தது.

புதிது எல்லாம் நல்லதா?

"அப்போ புதுசு வர வர போட்டுக்கிட்டே இருந்தா சரியா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி.

2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்திருக்கிறார். ஏன் என்று துருவிக்கொண்டே போனதில், எக்ஸ்இசட் என்ற ஒரு சிறிய திறந்த மூல மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவு வைத்திருப்பது தெரிந்தது. அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாகத் தனி ஆளாகப் பராமரித்து வந்தவருக்கு உதவுவதாக வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகு ஒரு புனைபெயர்க்காரர் செய்த வேலை அது. கள்ளக் கதவு மிகப் புதிய பதிப்புகளில்தான் இருந்தது. சோதித்துப் பார்த்த பிறகே புதியதை ஏற்கும் நிலைப் பதிப்புகளுக்கு, உதாரணமாக டெபியனின் நிலைப் பதிப்புக்கு, அது வந்து சேரவே இல்லை.

ஆகவே, நேற்றுப் பிறந்ததை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொள்வது நடப்பில் இருப்பது ஆகாது. ஒரு நிலைப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தாமதமில்லாமல் போடுவதுதான் சாதாரண மக்களுக்குச் சரிப்படும். அப்பாவுக்கு இது உடனே புரிந்தது. புது மீட்டர் பெட்டியில் வந்து இறங்கினாலும் சோதித்துப் பார்க்காமல் அவர்கள் தொட்டிக்குள் கொண்டு போகமாட்டார்களாம்.

இப்போது என்ன செய்கிறோம்

பழைய சர்வரைத் துடைத்துப் போட்டுவிட்டோம். ஒரு தடவை அந்நியன் புகுந்த இடத்தில் என்னென்ன ஒளித்து வைத்திருக்கிறான் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, புதிதாகக் கட்டுவது மேல். டெபியன் 12 போட்டோம். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே இரவில் இறங்கிக்கொள்ளும்படி வைத்தோம். தேவையில்லாத துணைநிரல்களைக் கழற்றிவிட்டோம். இல்லாத கதவுக்குப் பூட்டு வேண்டாமே.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நான் கணினி முன் உட்காருகிறேன். முதலில் தேதி. வைரஸ் பட்டியல் எந்தத் தேதியுடையது, திருத்தங்கள் கடைசியாக எப்போது இறங்கின, சான்றிதழ் எப்போது முடிகிறது என்று பார்ப்பேன். அடுத்து உயிர். ஐகார் என்று ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைப் பார்த்தால் வைரஸ் தேடும் கருவிகள் அலற வேண்டும் என்பது உலக ஏற்பாடு. அதைச் சர்வரில் வைத்து, கருவி கத்துகிறதா என்று பார்ப்பேன். அப்பாவின் சின்ன உருளை வாயு மாதிரிதான். பழைய சர்வரைத் துடைப்பதற்கு முன்பும் இதைச் செய்து பார்த்தேன். அந்தக் காலாவதியான காவலாளியும் ஐகாரைப் பார்த்து நன்றாகவே கத்தினான். உயிர் இருந்திருக்கிறது, புதிய முகங்கள்தான் தெரியவில்லை. தேதி, உயிர் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாவதாக, காப்புப் பிரதி. முன்பும் வைத்திருந்தோம், அதே சர்வரில் இன்னோர் அடைவில்! வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. இப்போது ஒரு பிரதி என் வீட்டு வன்தட்டில், ஒன்று நண்பர் வீட்டில். மாதம் ஒரு குரலையாவது பிரதியிலிருந்து எடுத்து, முழுதாக ஓடுகிறதா என்று கேட்கிறேன். கடைசியாக, இந்த வேலை யாருடையது என்பதைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். என் பெயர், நான் இல்லாவிட்டால் பார்ப்பவரின் பெயர்.

மொத்தமும் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

சங்கமோ கோயிலோ சிறுகடையோ, உங்களுடையதிலும் ஒரு தளம் இருக்கலாம். உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களும் தொலைபேசி எண்களும் அதில் கிடக்கலாம். 2017-இல் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்ததை நினைத்துப் பாருங்கள். இப்போது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இறுக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். தளத்தில் யாராவது புகுந்துவிட்டால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையில் புகார் செய்யலாம். வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்து வைக்க இதில் ஒன்றும் இல்லை. நானே பத்திரிகையில் எழுதிவிட்டேன்.

நாற்பது விநாடி

63 குரல்களில் 41 திரும்பக் கிடைத்தன. ஆரம்ப காலப் பதிவுகளின் மூலம் என் பழைய வன்தட்டில் இருந்தது. பிந்தைய 22 பதிவுகளைக் கைத்தொலைபேசியில் எடுத்து, தளத்தில் ஏற்றியதும் இடம் வேண்டுமென்று அழித்திருந்தேன். அந்தத் தம்பியின் பாட்டி அந்த 22 பேரில் ஒருவர்.

பதினாறாம் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு பொங்கல் நிகழ்ச்சியின் முன்னோட்டத்துக்காகப் பாட்டியின் பேச்சிலிருந்து நாற்பது விநாடி வெட்டி எடுத்திருந்தது நிலையக் கணினியில் கிடைத்தது. விடியற்காலை நாலரை மணிக்கு பிரட்டுக்கு ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்து, நடுவில் தன்னை மறந்து சிரிப்பார். அங்கே துண்டு முடிந்துவிடும். முழுப் பதிவு ஒரு மணி பத்து நிமிடம். அவர் கணவரைப் பற்றி, இறந்துபோன முதல் குழந்தையைப் பற்றிப் பேசியதெல்லாம் அதில் இருந்தது. வீட்டில் யாருக்கும் அதுவரை சொன்னதில்லை என்று என்னிடம் சொன்னார்.

தம்பி நாற்பது விநாடியை மூன்று தடவை போட்டார். "மீதி எங்கக்கா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இப்போது முதல் சனிக்கிழமை வந்தால் அப்பாவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறார். திரையில் ஓடுவது எதுவும் அவருக்குப் புரியாது. நான் பார்த்து முடித்ததும், "தேதி என்னம்மா?" என்று மட்டும் கேட்பார். சொல்வேன். சுவரில் ஒட்டிய காகிதத்தில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் காகிதத்தின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது. டெபியன் 12, நீட்டித்த ஆதரவும் சேர்த்து 2028 ஜூன் வரைதான். அதற்கு முன்னால் அடுத்த பதிப்புக்கு மாற வேண்டும்.